மேடேறும்போது நோகிறதா என்று கேட்காதவர்கள்

பரீட்சகர் கதிரையில் முதன்முறையாக உட்காரப் போகிற உங்களுக்குப் புத்திமதி சொல்ல நான் வரவில்லை. புத்திமதியை மருத்துவ பீடமே அச்சடித்து உங்கள் கையில் கொடுத்திருக்கும். அதில் பாதியை எழுதியவன் நான்தான். அந்தக் கையேட்டில் வராத ஒரு சம்பவத்தை மட்டும் இங்கே எழுதுகிறேன். அதில் தப்புச் செய்தவன் நானாக இருந்ததால், அன்றைக்கு அச்சில் ஏற்ற மனம் வரவில்லை. ஓய்வுபெற்றுச் சில வருடங்கள் ஆனபிறகு அந்த வெட்கம் கொஞ்சம் தேய்ந்துவிட்டது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பெருமை அதிகம். என் மனைவி இதை வாரத்துக்கு ஒரு தடவையாவது ஞாபகப்படுத்துவாள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன், கண்டியில் படித்து, கண்டியிலேயே வைத்தியனாகி, கடைசியில் இந்த மலைநாட்டு மருத்துவ பீடத்தில் மற்றவர்களைப் பரீட்சிக்கும் இடத்துக்கு வந்தவன். பெருமைப்படாமல் என்ன செய்வது?

நாங்கள் படித்த காலத்தில் இறுதிப் பரீட்சை என்பது ஒரு சீட்டுக் குலுக்கல். வார்ட்டில் படுத்திருக்கும் நோயாளிகளில் ஒருவரை உங்களுக்கு ஒதுக்குவார்கள். வாய் நிறையக் கதைக்கிற நோயாளி கிடைத்தால் நீங்கள் டொக்டர். காது கேளாத கிழவர் கிடைத்தால் ஆறு மாதம் கழித்து மறுபடியும் வரவேண்டியதுதான். என் நண்பன் ஒருவனுக்கு, கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுத் தூங்கிப்போன நோயாளி கிடைத்தார். நண்பன் தேறவில்லை. அந்தக் கோபத்தில்தான் நான் பரீட்சை வேலைக்குள் வந்தேன்.

வந்ததும் அதை மாற்றினேன். வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு வேலை, புள்ளி போட ஒரு பரீட்சகர், எட்டு நிமிடம். மணி அடித்தால் அடுத்த அறைக்குப் போகவேண்டும். நோயாளியாக நடிப்பதற்கு ஊரில் இருந்தே ஆட்களைத் தேடிப் பிடித்தோம். ஓய்வுபெற்ற தபால்காரர், தெல்தெனியச் சந்தையில் மரக்கறி விற்ற ஒருவர், பாடசாலை ஆசிரியை ஒருவர் என்று பலர் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நோய், ஒரு கதை. எந்த மாணவர் உள்ளே வந்தாலும் அதே கதை, அதே வார்த்தைகள். யாருக்கும் அதிர்ஷ்டம் இல்லை, துரதிர்ஷ்டமும் இல்லை. வெளியூரிலிருந்து வந்து பார்த்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த வருடம் நான் ஒரு பொறி வைத்தேன். எழுத்துப் பரீட்சையில் மாரடைப்புக்கு முந்திய நெஞ்சுவலி பற்றி ஒரு கேள்வி. எல்லாப் பிள்ளைகளும் அழகாக எழுதியிருந்தார்கள். நடந்தால் வரும், மேடேறினால் கூடும், நின்றால் குறையும் என்று பக்கம் பக்கமாக. அடுத்த வாரம் அறைகளில் ஒன்றில் அதே நோயை உட்காரவைத்தேன். ஆனால் நோயாளி நெஞ்சுவலி என்று சொல்லமாட்டார். நம் நாட்டில் யார் சொல்கிறார்கள்? வயிற்றுக்கு மேலே எங்கே நொந்தாலும் நம் சனங்களுக்கு அது கேஸ்ட்ரைட்டிஸ்தான், வயிற்றெரிச்சல்தான். "டொக்டர், எனக்குக் கேஸ்ட்ரைட்டிஸ், குளிசை ஒண்டு தாங்க" என்பார். மேடேறும்போது நோகிறதா என்று மாணவர் கேட்டால் மட்டுமே, "ஓ, வீட்டுக்கு ஏறக்க ரெண்டு தரம் நிண்டுதான் போவேன்" என்று சொல்லவேண்டும். கேட்காவிட்டால் வாய் திறக்கக் கூடாது. அந்த ஒரு கேள்வியைக் கேட்காதவர் அந்த அறையில் தோல்வி. வயிற்றுக்கு மாத்திரை கொடுத்து ஓர் இருதய நோயாளியை வீட்டுக்கு அனுப்பியவருக்கு வேறு என்ன புள்ளி போடுவது?

இந்த வேடத்துக்கு வந்தவர் கட்டுகஸ்தோட்டை ஜெசீமா. ஐம்பது வயது தாண்டிய விதவை. வீட்டிலேயே உடுப்புத் தைத்துக் கொடுப்பவர். சிங்களப் பிள்ளை வந்தால் சிங்களத்திலும் தமிழ்ப் பிள்ளை வந்தால் தமிழிலும் ஒரே மாதிரிக் கதைப்பார். ஒத்திகையில் அவர் நெஞ்சில் கையை வைத்து மெல்ல மூச்சு விட்டதைப் பார்த்து நான் அசந்துபோனேன். இத்தனை பேரை நடிக்க வைத்தேன், இவரைப் போல ஒருவர் அமையவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதை எங்கே கற்றார் என்று மட்டும் அவரிடம் கேட்கவில்லை.

பரீட்சை நாளில் காலையில் பாதிப் பேர், தேத்தண்ணி இடைவேளைக்குப் பிறகு மீதிப் பேர். இரண்டு அணியும் சந்திக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. காலை அணி பின்கதவால் போய் நூலகத்தில் உட்காரவேண்டும். அடுத்த அணி முன்பக்க நடைபாதையில் காத்திருக்கும்.

மத்தியானம் எல்லாம் முடிந்து, ஜெசீமாவின் அறைப் புள்ளித்தாள்களைப் புரட்டியவன், திரும்பவும் முதலிலிருந்து எண்ணினேன். காலை அணியில் நான்கே நான்கு பேர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தார்கள். தேத்தண்ணிக்குப் பிறகு வந்தவர்களில் ஒருவர்கூடத் தவறவில்லை. எல்லாத் தாளிலும் அந்தக் கட்டத்தில் சரியடையாளம்.

கேள்வி வெளியே போயிருக்கிறது. வேறென்ன நினைப்பது?

யார் கொண்டுபோனது என்பதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. இடைவேளை மணி அடித்தபோது ஜெசீமாவின் அறையில் இருந்த கடைசி மாணவி கலைச்செல்வி. கேள்வியைச் சரியாகக் கேட்ட நான்கு பேரில் ஒருத்தி. பின்கதவால் போகாமல் முன்கதவால் வெளியேறி, அடுத்த அணி உட்கார்ந்திருந்த நடைபாதை வழியாகப் போனதை மணி அடிப்பவர் பார்த்திருக்கிறார்.

கலைச்செல்வி ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில், அம்மா மலையில் கொழுந்து எடுப்பவர். அந்தத் தோட்டத்திலிருந்து மருத்துவ பீடத்துக்கு வந்த முதல் ஆள். அதாவது, எங்கள் ஆள். பீடத்தில் நான் ஒருவன் எங்கள் ஆள் என்றால், மாணவர்களில் அவளைப் போல இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்திருப்பார்கள். இந்த இடத்தில்தான் என் புத்தி கோணியது. வேறு யாராவது என்றால் நிதானமாக விசாரித்திருப்பேன். எங்கள் ஆள் என்றதும், விட்டுக்கொடுத்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற நினைப்பு முந்திக்கொண்டது.

அவளை அறைக்குள் அழைத்து விசாரித்திருக்கலாம். பரீட்சை முடிந்து அடுத்த அணியும் நூலகத்துக்கு வந்திருந்தது; நான் அங்கேயே போய், இரண்டு அணிப் பிள்ளைகளும் பார்த்திருக்க அவளை எழுப்பி நிறுத்தினேன்.

"முன்கதவால ஏன் போன?"

"தண்ணி எடுக்கப் போனேன் சேர்."

"யாருக்கு?"

நான் திரும்பவும் கேட்டேன்.

"எனக்குத்தான் சேர்."

காலையிலேயே நூலகத்தில் விட்டுப்போன அவளுடைய பைக்குள் தண்ணீர்ப் போத்தல் நிரம்பி நின்றது; தண்ணீர் தேடிப் போகத் தேவையே இல்லை. நான் அதை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தேன். வழக்கறிஞர் வேலையும் நமக்கு வரும்போலிருக்கிறதே என்று அந்த நேரத்தில் உள்ளுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. எழுதவே கூசுகிறது.

"வெளிய இருந்தவங்ககிட்ட என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல சேர். தண்ணி எங்க இருக்குன்னு மட்டுந்தான் கேட்டேன்."

"இங்க பாரு, யாரு கேட்டது, யாருகிட்ட சொன்னன்னு பேர எழுதிக் குடு. உனக்குத் தண்டனை குறையும்."

"எழுதுறதுக்கு ஒண்ணும் இல்லங்க சேர்."

இடைவேளையில் நடைபாதையில் இருந்த பிள்ளைகளைக் கேட்டேன். அவள் தண்ணீர் எங்கே என்று கேட்டதாகவே அவர்களும் சொன்னார்கள். எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். அன்று மாலையே அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டு, பரீட்சைக் குழுத் தலைவரிடம் கொடுத்தேன். அது ஏற்றுக்கொள்ளப்பட்டால் அவளுடைய பரீட்சை இரத்து. பிறகு ஒழுக்காற்று விசாரணை. பீடத்தைவிட்டே அனுப்பிவிடலாம். ஐந்து வருடப் படிப்பும் ஒரு தோட்டமே வைத்திருந்த நம்பிக்கையும் என் ஒரு கையெழுத்தில் தொங்கின. குழு மறுநாள் இரண்டு மணிக்குக் கூடுவதாக இருந்தது.

மறுநாள் காலை, அறிக்கையோடு இணைப்பதற்காகப் புள்ளித்தாள்களை அடுக்கினேன். தாளின் அடியில் பரீட்சகர் குறிப்பு எழுதுவதற்கு இரண்டு வரி இடம் விட்டிருப்போம். யாரும் எழுதமாட்டார்கள், நானும் படிப்பதில்லை. அன்று கண்ணில் பட்டது. தேத்தண்ணிக்குப் பிறகு அந்த அறைக்கு வந்த பரீட்சகர், வெளியூரிலிருந்து வந்த ஒரு வைத்தியர். ஒரு தாளில் அவர் எழுதியிருந்தது இதுதான்: "நோயாளி ஞாபகப்படுத்தினார். மாணவர் உடனே பிடித்துக்கொண்டார்."

அடுத்த தாளிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே.

காலையில் இருந்த பரீட்சகருக்கு, நோயாளி தானாக எதுவும் சொல்லக் கூடாது என்று நான் விளக்கமாகச் சொல்லியிருந்தேன். இடைவேளையில் ஆள் மாறினார். புதியவருக்குச் சொல்ல மறந்துவிட்டேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டு யாரிடமோ என் பரீட்சை முறையின் பெருமையை அளந்துகொண்டிருந்தேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நோயாளி பேசியதெல்லாம் கதையின் பாகம் என்று அந்த மனிதர் நினைத்துவிட்டார்.

கட்டுகஸ்தோட்டை பஸ்ஸைப் பிடித்தேன். பாலம் தாண்டி இறங்கி, கடைகளுக்குப் பின்னால் மேட்டில் ஏறினேன். ஜெசீமாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்கே இரண்டு இடத்தில் மூச்சு வாங்கியது. தையல் இயந்திரத்தில் இருந்தவர் எழுந்து வந்தார். வீட்டில் அவர் வாயில் 'சொல்' என்பது 'செல்' ஆகிவிடும், கணவர் 'மாப்பிள்ளை' ஆகிவிடுவார்.

"டொக்டர்! வாங்க, உள்ளுக்கு வாங்க. நான் செஞ்சது பிழைன்னு செல்லத்தானே வந்தீக்கிறீங்க?"

"நீங்க என்ன செஞ்சீங்கன்னு கேக்க வந்தேன்," என்றேன்.

அவர் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"என்ட மாப்பிள மவுத்தாகினது இந்த நோவுலதான் டொக்டர். இந்த மேட்டுல ஏறக்க ரெண்டு இடத்துல நிப்பாரு. கேஸ்ட்ரைட்டிஸ்னு செல்வாரு. சோடா குடிப்பாரு. ரெண்டு டொக்டருக்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ரெண்டு பேரும் குளிசதான் தந்தாங்க. ஏறக்க நோவுதான்னு ஒத்தரும் கேக்கல்ல."

நான் வாசல் வழியாக, ஏறி வந்த மேட்டைப் பார்த்தேன்.

"நேத்து அந்த மெலிஞ்ச புள்ள, தமிழ்ப் புள்ள, என்ட பக்கத்துல கதிரைய இழுத்துப் போட்டு இருந்திச்சு. வீடு எங்கேன்னு கேட்டிச்சு. மேட்டுலன்னேன். அப்ப ஏறக்க நோவுதா அம்மான்னு கேட்டிச்சு. எனக்கு அழுக வந்திட்டுது டொக்டர். மணி அடிச்சதும் உங்கட டொக்டர் தேத்தண்ணிக்கு எழும்பிப் போயிட்டாரு. அந்தப் புள்ள மட்டும் போகல்ல. ஓடிப் போய் எனக்குத் தண்ணி எடுத்துட்டு வந்து தந்திச்சு."

"யாருக்குத் தண்ணி?"

"எனக்குத்தான். நான் செல்றேன், மகள், ஆருக்கிட்டயும் செல்ல வேணாம், அழுததுக்கு என்ன அடுத்த முறை எடுக்க மாட்டாங்கன்னு. செல்லமாட்டேன்னிச்சு."

பிறகு நடந்ததையும் அவரே சொன்னார். இடைவேளை முடிந்து முதலாவதாக வந்தவன் ஒரு சிங்களப் பையன். கெட்டிக்காரன், மரியாதையானவன். எல்லாம் கேட்டான், அதை மட்டும் கேட்கவில்லை. குளிசை எழுதித் தருகிறேன் என்று எழும்பினான்.

"என்ட கை தானாவே போய் அவர்ட கையப் புடிச்சிட்டுது டொக்டர். மகன், மேட்டுல ஏறக்க எப்பிடின்னு கேளுங்களேன்னு செல்லிட்டேன். பொறகு வந்த எல்லாருக்கும் செல்லிட்டேன். எப்பிடிச் செல்லாம இருக்கிற? நாளைக்கு வெளிய போய் ஆக்களப் பாக்கப் போற புள்ளைகள்தானே?"

பரீட்சை விதியை விளக்கலாம். அவருடைய கணவரைக் கொன்ற நோயை அவருக்கே வேடமாகக் கொடுத்து, வாயைப் பொத்திக்கொண்டு இருக்கச் சொன்னவன் விதியைப் பற்றி என்ன பேசுவது? அவர் போட்டுத் தந்த பிளேன்டீயைக் குடித்துவிட்டு, உங்கள்மேல் ஒரு பிழையும் இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பீடத்துக்குத் திரும்பியபோது அலுவலக வாசலில் போட்டிருந்த நீள வாங்கில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பிக் கைகூப்பினார்.

"வணக்கமுங்க டொக்டர். நான் கலைச்செல்வியோட அப்பாங்க. புள்ள ஏதோ தப்பு செஞ்சிருச்சின்னு செய்தி வந்துச்சு. நீங்க இங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதாங்க நாங்க அனுப்புனோம்."

விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறார். அறிக்கை எழுதியது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. "உங்க புள்ள ஒரு தப்பும் செய்யலங்க. தப்பு செஞ்சது நான்," என்றேன். அவர் நம்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

குழு கூடுமுன் தலைவரைப் பார்க்கப் போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிடப் பல வருடம் மூத்த பேராசிரியர். நான் மதித்த மனிதர். நடந்ததை முழுவதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சரி, பிள்ளை தப்பிச்சுது. அறிக்கையை எடுத்துக் கிழிச்சுப்போடும். அந்த அறையின்ர புள்ளியை எல்லாருக்கும் விட்டுவிடுவம். ஆர் கேக்கப் போகினம்?"

எனக்கும் அந்த ஆசை வந்தது. மறைக்கவில்லை. கிழித்துப் போட்டால் பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். என் பரீட்சைமுறையின் பெயரும் கெடாது. ஆனால் யோசித்துப் பார்த்தேன். அந்தப் பிள்ளையைத் திருடி என்று நான் சொன்னது இரகசியமாக அல்ல, மொத்த வகுப்பின் முன்னால். சத்தமில்லாமல் விட்டுவிட்டால், எங்கள் ஆள் எங்கள் ஆளைக் காப்பாற்றிவிட்டான் என்றுதான் ஹொஸ்டலில் கதைப்பார்கள். அவள் டொக்டராகிய பிறகும் அந்தப் பேச்சு போகாது. அதோடு, மேடேறும்போது நோகிறதா என்று கேட்கத் தெரியாத சிலர் தேறிப் போய்விடுவார்கள்.

"இல்லை சேர்," என்றேன். "தேத்தண்ணிக்குப் பிறகு வந்த அணிக்கு அந்த அறையை மறுபடியும் வைக்கவேண்டும். ஏன் வைக்கிறோம் என்று எல்லோருக்கும் நானே சொல்கிறேன்."

"உம்மடை தலையிலை நீரே மண்ணைப் போடப் போறீர்."

"ஓம் சேர்."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு அறிக்கையை எடுத்து என்னிடம் நீட்டினார். "கிழியாதையும். கொண்டுபோம். பிள்ளைக்கு முன்னாலை என்ன செய்யோணுமோ செய்யும்."

வெளியூர்ப் பரீட்சகர் மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டார். நோயாளியே துப்புக் கொடுப்பது நல்ல உத்தி என்று நினைத்து, தன்னுடைய பீடத்திலும் செய்து பார்க்கக் குறித்து வைத்திருந்தாராம்.

சனிக்கிழமை காலை மறுபரீட்சை. அதன் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். எல்லோரும் வந்தார்கள். ஒருவர்கூட மனுக் கொடுக்கவில்லை, கூட்டம் கூடவில்லை. வேறொரு நோய், வேறொரு பெண். அந்தக் கதையிலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று ஒளிந்திருந்தது. இந்த முறை எத்தனையோ பேர் அதைக் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்குப் புள்ளி கிடைக்கவில்லை. அந்த வருடத்து முடிவுகள் மற்ற வருடங்களைவிட மோசமாகத்தான் இருந்தன. மேலிடத்தில் காரணம் கேட்டார்கள், நானே எழுதிக் கொடுத்தேன். என் சேவைக் காலத்தில் எத்தனையோ முடிவுப் பட்டியல்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நெஞ்சு நிமிர்த்திப் போட்டது அந்த மோசமான பட்டியலில்தான். அதில் இருந்த ஒவ்வொரு புள்ளியும் உண்மையான புள்ளி.

ஜெசீமா அதற்குப் பிறகும் பல வருடம் வந்தார். முட்டிவலி, நீரிழிவு என்று பல வேடம் போட்டார். நெஞ்சுவலி வேடம் மட்டும் கொடுக்கவில்லை. புதிதாக யார் நடிக்க வந்தாலும், இந்த நோய் உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் அதற்குப் பிறகு கதையைக் கொடுத்தேன். நீங்களும் கேளுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

இனி அந்தச் சனிக்கிழமை காலைக்கு வருகிறேன். மறுபரீட்சைக்கு முன் முழு வகுப்பையும் மண்டபத்தில் கூட்டியிருந்தேன். காலை அணியும் வந்திருந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். நோயாளி பேசியது, பரீட்சகருக்கு நான் சொல்ல மறந்தது, தாளின் அடியில் இருந்த குறிப்பைப் படிக்காதது, இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தியது.

நடுவரிசையில் ஒரு பையன் எழும்பினான். ஜெசீமா கையைப் பிடித்த அதே பையன். சிங்களத்தில் சொன்னான். "சேர், அந்த அம்மா சொல்லித்தான் நான் கேட்டேன். அது சரியில்லை என்று அப்போதே தெரியும். கலைச்செல்வியை நீங்கள் நிறுத்தியபோதும் எழும்பிச் சொல்லியிருக்கலாம். புள்ளி போய்விடுமே என்று இருந்துவிட்டேன்." அவன் உட்கார்ந்ததும் இன்னும் இரண்டு பேர் எழும்பி அதையே சொன்னார்கள். புள்ளி பறிபோகும் என்று தெரிந்துகொண்டே எழும்பி நின்ற பிள்ளைகள். இவர்களுக்கு நான் பரீட்சை வைத்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

பிறகு கலைச்செல்வியை முன்னால் கூப்பிட்டேன். எல்லோரும் கேட்க மன்னிப்புக் கேட்டேன். அறிக்கையை அவளிடம் கொடுத்து, "இதைக் கிழிச்சுப் போட்டுரும்மா," என்றேன்.

அவள் கிழிக்கவில்லை. நின்ற இடத்திலேயே படிக்கத் தொடங்கினாள். முதல் பக்கம், இரண்டாவது பக்கம். கடைசிப் பக்கத்தில் அவள் விரல் ஒரு வரியில் நின்றது.

"சேர், இந்த வரி எதுக்கு?"

எழுதியபோது எனக்கு அது நேர்மையான வரியாகத்தான் தெரிந்தது. 'இவர் எனது சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதற்காக எவ்விதச் சலுகையும் காட்டப்படக் கூடாது என வலியுறுத்துகிறேன்.' குற்றம் சாட்டுவதற்கு அந்த வரி தேவையே இல்லை. வேறு எந்த மாணவரைப் பற்றி எழுதியிருந்தாலும் அது வந்திருக்காது.

"பயந்துட்டேன்மா," என்றேன். "எங்க ஆளுக்கு வளஞ்சு குடுத்துட்டான்னு சொல்லிருவாங்களோன்னு பயந்து எழுதிட்டேன்."

அவள் தாளைத் திருப்பி என் கையில் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எனக்கும் பயமாத்தான் சேர் இருந்துச்சு. ஆனா நான் யாரு பேரையும் எழுதிக் குடுக்கல."

நான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அவள் பார்த்துக்கொண்டு நிற்க, முதலில் அந்த வரியைக் கோடு போட்டு வெட்டினேன். என் கையெழுத்தை அதற்குப் பிறகுதான் வெட்டினேன்.